சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம்

தோர்கில் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. எங்கள் மேற்கு யூட்லாந்துக் கிராமங்களில் டிராக்டரில் எது உடைந்தாலும் அவர்தான் பற்றவைப்பார். வேலை முடிந்ததும், வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை இரும்பு அச்சால் அடிப்பார். மறுபடி உடைந்தால் யாரைத் திட்டுவது என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாதாம்.

போன குளிர்காலத்தில் அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இனி வெல்டிங் மெஷின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்றார் டாக்டர்; அதன் கரன்ட் பேஸ்மேக்கரைக் குழப்பிவிடுமாம். அன்றிலிருந்து மெஷின் அவர் மனைவி அஸ்தாவின் கையில். பட்டறைக்கு வெளியே தள்ளி அஸ்தா சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். மெஷின் ஓடும்போது அவர் அதைத் தாண்டக் கூடாது.

பார்லி அறுப்புக்கு நடுவில் என் டிராக்டரில் டிரெய்லர் மாட்டும் கொக்கி விரிசல் விட்டது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“வண்டியிலயே வச்சுப் பத்தவச்சிடுங்களேன்” என்றேன்.

“பக்கத்துலயே எண்ணெய்க் குழாய் போகுது. கண்ணு எங்க வச்சிருக்க? கழட்டிக் கொண்டா” என்றாள் அஸ்தா.

கழற்றினேன். பெயிண்டைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முகமூடியை இறக்கிப் பற்றவைக்கத் தொடங்கினாள். தோர்கில் கோட்டோரமாக நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

“ராடைச் சாய்ச்சுப் பிடி. அவசரப்படாத.”

நெருப்பு நின்றது. அஸ்தா முகமூடியைத் தூக்கினாள். “காலை எடு.”

“ஒரு அங்குலந்தான்டி.”

“அந்த ஒரு அங்குலத்துக்கா நான் உன்னை வாரிக் குடுக்கணும்?”

“நீங்க சண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள மழை வந்துடும்” என்று எரிந்து விழுந்தேன்.

“அப்ப நீ போய் அந்த மனுஷனைக் கோட்டுக்கு அந்தப் பக்கமா இழுத்துப் பிடிச்சுக்க” என்றாள்.

முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி அவருக்குத் தூக்கிக் காட்டினாள். ஓடி வந்தார். சுத்தியலால் தட்டினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இந்த ஓரத்துல ஓட்டை. நோண்டி எடு.” முணுமுணுத்துக்கொண்டே நோண்டினாள். அவர் கோட்டுக்குப் போனார்.

இரண்டாம் முறை அவள் பற்றவைத்துப் பிளக்கைப் பிடுங்கியதும், கொக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வீம்புக்காக ஏதாவது குற்றம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“இதுல குத்தம் சொன்னா அது பொய்” என்றார்.

எழுத்து அச்சுப் பெட்டியைத் திறந்தார். அவருடைய எழுத்து மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது.

“உன் எழுத்தையே அடி. அதை நம்பித்தானே வராங்க” என்றாள் அஸ்தா.

அவர் வேறொன்றை எடுத்தார். அதில் கடையில் பூசிய மசகு இன்னும் போகவில்லை. சட்டைக் கையில் துடைத்து, கொக்கியில் வைத்து, ஓங்கி ஒரே அடி. அஸ்தாவின் எழுத்து.

“இனிமே திட்டு உனக்கு” என்றார்.

நான் கொக்கியை வண்டியில் முடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். பிளக் பிடுங்கியபடி தரையில்தான் கிடந்தது. ஆனாலும் அவர் தானாகவே கோட்டைத் தாண்டி வெளியே போய், கவிழ்த்திருந்த பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.