திரும்ப வாங்காத டோக்கன்

தங்கச் சுரங்கம் மூடிப்போன கோரமண்டலில், வீடில்லாத மனநோயாளிகள் தங்கும் காப்பகத்தில் மாத்திரை கொடுக்கும் வேலை எனக்கு. அங்கே தங்கியிருந்த பெரியவர் ஒருவர் தினமும் சாயங்காலம் வந்ததும் ஒரு சோடா மூடியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். நரைத்த தாடி, வெயிலிலும் கழற்றாத கம்பளித் தொப்பி. காலையில் வெளியே கிளம்பும்போது மூடியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

சுரங்கத்தில் வேலை செய்த காலத்துப் பழக்கம் அது. டோக்கனை மேலே கொடுத்துவிட்டுத்தான் ஷாஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்தும் ஒருவரின் டோக்கன் மேலேயே இருந்தால், ஆள் இன்னும் கீழேதான் என்று தேடி இறங்குவார்கள்.

அரசாங்கப் பணம் வருவது நின்றுபோய், ஒரு நாள் காலையில் காப்பகத்தைப் பூட்டினோம். எல்லோரும் மூட்டையோடு வெளியே நின்றார்கள். அவருடைய மூடியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வெளிய போறீங்க இல்ல, வாங்கிக்கோங்க ஐயா."

"இன்னாம்மா நீ, இப்பதான கீழ எறங்கறேன். உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூடி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. மாரிகுப்பம் ஸ்டேஷனில் யாராவது முகத்தை மூடிப் படுத்திருந்தால், போர்வையை விலக்கிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.