ஆற்றுக்கு அந்தாண்ட ஒரு ஊர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், றகர ரகரம் எனக்கு எப்போதும் தகராறு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ப் படிக்கிணற்றுத் தண்ணீர் நாக்கில் பட்டதும் பாசி வாசனையும் பின்னால் ஒரு மெல்லிய இனிப்புமாக இருக்கும். உத்திரமேரூருக்கு வடக்கே, செய்யாற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. கிணற்றில் இறங்கி, கணுக்கால் நனைய நின்று குடத்தை அமிழ்த்தித்தான் எல்லோரும் மொண்டு வருவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சி இருந்தது என்பதை நாங்கள் நம்பியதில்லை. குடித்து ஒரு வருடம் கழித்து, காலில் கொப்புளம் கிளம்பி உடையும். அதிலிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டும். "நரம்புச் சிலந்தி" என்பார்கள். ஈர்க்குச்சியில் அதன் தலையைச் சுற்றி, நாளுக்கு ஒரு விரல் அளவு மட்டும் இழுக்க வேண்டும், அறுந்தால் கால் வீங்கிவிடும். நான் மூன்றாவது படித்த கோடையில் என் இடது கெண்டைக்காலில் அப்படி ஒரு குச்சி தொங்கியது. வலியைவிட, இன்றைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான் எனக்கு அதிகம்.

அந்தக் கோடையில்தான் "சுகாதாரத்து சார்" மூன்றாம் தரமாகச் சைக்கிளில் வந்தார். தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள், புழு உள்ளவர்கள் கிணற்றில் இறங்காதீர்கள் என்று அவர் முன்பு இரண்டு முறை வந்து சொன்னபோது ஒருவரும் நின்று கேட்கவில்லை. இந்த முறை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை சொன்னார். ஒரு ஊரில் கல்யாணம். மாப்பிள்ளை மணவறையைச் சுற்ற எழுந்திருக்கிறான், எழ முடியவில்லை. வேட்டிக்குக் கீழே புழு எட்டிப் பார்க்கிறது. பெண் வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். வடிகட்டாத தண்ணீரால் வந்த வினை என்று முடித்தார்.

"எந்த ஊரு சார்?" என்றார் என் நைனா.

சார் கொஞ்சம் தடுமாறி, வடக்கே கையை நீட்டினார். "ஆத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரு."

நைனாவின் முகம் மாறிவிட்டது. என் அக்கா கன்னியம்மாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தாண்டதான். வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வருவதாக இருந்தார்கள்.

அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கால் கழுவத் தண்ணி குடுக்கற சாக்குல மாப்ள காலப் பாத்துடறேன்" என்றார் நைனா. வருகிறவர்களுக்குச் சொம்பு நீட்டுவது பெண்ணின் தம்பி வேலை. ஆனால் அம்மா என்னைக் குதிருக்குப் பின்னால் உட்காரவைத்து, "அவங்க போற வரைக்கும் மூச்சு வுடாத. உன் காலப் பாத்தா அக்காவுக்குக் கல்யாணமே இல்ல" என்றாள்.

வண்டி வந்து நின்றது. நைனாவே தண்ணீர் ஊற்றினார். "வேட்டிய நல்லாத் தூக்கிக்கோ தம்பி, நனஞ்சிடும்" என்று அவர் மூன்று தரம் சொன்னதும், மாப்பிள்ளை கணுக்காலுக்கு மேல் தூக்காமல் நின்றதும் குதிர் சந்தில் எனக்குத் தெரிந்தது. பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்தார், இன்னொரு சொம்பின் வாயில் விரித்தார், எங்கள் வீட்டுத் தண்ணீரை அதில் மெதுவாக வடிகட்டினார்.



"இன்னாங்க இது? எங்க வூட்டுத் தண்ணி அவ்ளோ கேவலமாப் போச்சா?" என்றார் நைனா.

"கோவிச்சிக்காதீங்க. எங்க ஊருக்கு சுகாதாரத்து சார் வந்து ஒரு கத சொன்னாரு. கல்யாணத்தன்னிக்கு பொண்ணு கால்ல புழு வந்துச்சாம். எந்த ஊருன்னு கேட்டோம். ஆத்துக்கு அந்தாண்டன்னு உங்க பக்கம் கை காட்டினாரு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நான் அந்நியர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. நொண்டிக்கொண்டு வெளியே வந்து, "எங்ககிட்ட மாப்ளன்னு சொன்னாரு. உங்க பக்கம் கை காட்டினாரு" என்றேன்.

எல்லோரும் என் காலையும் ஈர்க்குச்சியையும் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை எழுந்து வந்து என் முன்னால் குந்தினார். வேட்டியை முழங்கால் வரை ஏற்றினார். கெண்டைக்காலில் காசு அளவுக்கு இரண்டு வடுக்கள். "எனக்குப் போன வருசம் ரெண்டு. நீ குச்சிய இறுக்கமா சுத்திகினு கீற, அறுந்துடும். இப்டி வா மச்சான்" என்று சொல்லி, சுற்றைத் தளர்த்தினார்.

"மச்சான்னு கூப்ட்டுட்டான். இன்னும் இன்னாத்துக்குக் குந்திகினு கீறீங்க, தட்ட மாத்துங்க" என்றாள் அவருடைய அத்தை. முதலில் சிரித்தது நைனாதான்.

அடுத்த வாரம் சைக்கிளை மறித்து நைனா சண்டைக்குப் போனார். சார் இறங்கவே இல்லை. "உங்க ஊர்க் கதன்னு சொல்லியிருந்தா உக்காந்து கேட்டிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். நைனா வழிவிட்டார். கல்யாணத்தன்று எங்கள் தெருவில் எல்லாக் குடத்தின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. புழுவுக்குப் பயந்து என்று சொல்ல முடியாது. சம்பந்தி ஊர்க்காரர்கள் பார்ப்பார்களே என்றுதான். கல்யாணம் முடிந்தும் ஒருவரும் அவிழ்க்கவில்லை.

இப்போது படிக்கிணறு தூர்ந்து கிடக்கிறது, குழாய் வந்துவிட்டது, அந்தப் புழுவைப் பார்த்தே வெகுகாலம் ஆகிறது. போன வாரம் என் கால் வடுவைப் பார்த்து மகள் கேட்டாள். சொன்னேன். "கத வுடாத நைனா. கால்லருந்து புழு வருமா? எந்த ஊர்ல?" என்றாள்.

என்னை அறியாமல் என் கை வடக்கே ஆற்றுப் பக்கம் நீண்டது. அதை மடக்கிக்கொண்டு, "நம்ம ஊர்லதாம்மா" என்றேன்.

எழுதி முடித்தது: 1992, சித்திரை 20.