கண்ணாயி வாய்விட்டு அழுத சாயங்காலம்

மலைமேல் குண்டூர் நாட்டில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் முதலில் கண்ணாயிக்குத்தான் ஆள் வரும். அவள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து ராகமெடுத்தால், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட மூக்கைச் சிந்துவார்கள். செத்தவன் ஊரை ஏய்த்தவனாக இருக்கட்டும், பெண்டாட்டியை அடித்தவனாக இருக்கட்டும், கண்ணாயியின் பாட்டில் சொக்கத்தங்கமாகிவிடுவான். மற்ற நாளில் அவளும் எல்லாரையும் போலக் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டுவாள், மிளகு பறிப்பாள், வம்பு பேசுவாள்.

ஊருக்கெல்லாம் அழுதவளுக்குத் தன் ஒரே மகனுக்காக அழ வாய்க்கவில்லை.

மகன் பிரேம் போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவன். வடக்கே எங்கோ ஓர் ஆற்றில் குளிக்க இறங்கினான், ஏறவில்லை. சட்டையும் செருப்பும் கரையில் கிடந்தன. கூட இருந்தவர்கள் தேடினார்கள், போலீசும் தேடியதாகச் சொன்னார்கள். மூன்று வருடமாகிறது, உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் பெற்றவள் வாய்விட்டு அழக்கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். அழுதுவிட்டால் மகன் போய்விட்டான் என்று தாயே சொன்னதாகிவிடும். மறுநாள் காலையில் பங்காளிகள் காரியத்துக்கு வந்துவிடுவார்கள்.

“நீச்சல் தெரிஞ்ச பையன் புள்ள அவன். எங்கியோ அடிபட்டு, புத்தி கலங்கிக் கெடக்கறான். வந்துருவான். நீ மட்டும் அழுவாம இரு” என்றார் புருஷன் ராசப்பன். அதற்கு முன்னும் பின்னும் அவளிடம் அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து கண்ணாயி இழவு வீடுகளுக்குப் போவதையும் விட்டாள். அடுத்தவர் பிணத்தின் முன்னால் உட்கார்ந்து தன் பிள்ளைக்கு அழுதுவிடுவோமோ என்று பயம். ஊர் ஜனம் விடுமா? “கண்ணாயிக்குக் கல்லு மனசு” என்றது.

ராசப்பன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் வந்து நிற்கிற செம்மேட்டுக்குப் போய், கீழேயிருந்து வரும் சாயங்கால பஸ்ஸில் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு வருவார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, கண்ணாயியும் மளிகை வாங்கக் கூடப் போனாள். பூங்காவில் பந்தல் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு இசைக் கல்லூரி மேல்நாட்டு இசை நாடகப் பாட்டுகளை இலவசமாகப் பாடிக் காட்டுகிறதாம். மலைவாசிகளின் ரசனையை உயர்த்தப் போகிறார்களென்று பெரிய ஃபிளெக்ஸ் வேறு. கீழிருந்து வந்தவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, ரசனை உயர வேண்டியவர்கள் புல்லில் உட்கார்ந்தார்கள்.

“பஸ்சு வர நேரமாவுமுங்க. நான் அங்க போயி ஒக்காந்திருக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாயியும் போனாள். நாத்தனார் பாப்பாத்தி முன்னமே அங்கே இடம் பிடித்திருந்தாள்.

முதலில் தடித்த குரலில் ஒருவன் பாடினான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அடுத்து கறுப்பு அங்கி போட்ட ஒரு சின்னப் பெண் வந்தாள். மைக் கீச்சிட்டதில் அறிவிப்பு யாருக்கும் விளங்கவில்லை. அவள் அடிவயிற்றில் கையை வைத்து, தாழ ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, உச்சியில் மூச்சைப் பிடித்து நின்று, அங்கிருந்து உடைந்து இறங்கினாள். கண்ணாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏறுவதும் நிற்பதும் உடைவதும் அவளே ஆயிரம் முறை செய்த வேலைதானே! ‘ஐயோ, இந்தச் சின்ன வயசில் எதைப் பறிகொடுத்தாளோ, தனியாக நின்று அழுகிறாளே’ என்று நினைத்தாள்.

அவர்கள் ஊரில் அழுகிறவளைத் தனியாக அழவிட மாட்டார்கள். யோசித்துச் செய்வதல்ல அது; அழுகை கேட்டால் கால் தானாகப் போகும். கண்ணாயியின் கால் போயிற்று. மேடைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குத் துணையாகத்தான் ராகமெடுத்தாள். ஆனால் வாயில் வந்த பெயர் வேறு.

“பிரேமூ... என்ன பெத்த சாமீ...”

அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. மூன்று வருடத்து அழுகை. மாரில் அறைந்துகொண்டு, மீன் தின்ற கண்ணையும் பாசி மூடிய வாயையும் சொல்லிச் சொல்லி அழுதாள். பாடகி மிரண்டு நிறுத்திவிட்டாள். நாற்காலிக்காரர்கள் செல்போனைத் தூக்கினார்கள். பாப்பாத்தி ஓடிவந்து, “அண்ணி, வேண்டாம் அண்ணி” என்று அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். முடியாமல் போனதும், என்ன செய்வாள் பாவம், அவளும் கட்டிக்கொண்டு அழுதாள். புல்லில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். உண்மையில் அது சாவுப் பாட்டே இல்லையாம். நிலா வெளிச்சத்தில் ஒருத்தி காதலனைக் கூப்பிடுகிற பாட்டாம். அதைச் சொல்ல மைக்கை எடுத்த கல்லூரி ஆள் மறுபடி கீழே வைத்துவிட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. ராசப்பன் அதைப் பார்க்கவில்லை. பூங்காவைப் பார்த்து நின்றார். அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா?

ஊருக்குத் திரும்பும் ஜீப்பில் அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெகு தூரம் வந்த பிறகு, “ஏம்புள்ள, ஏதாச்சும் தாக்கல் வந்துச்சா? எங்கிட்ட மறைக்கறியா?” என்றார்.

“இல்லீங்க.”

“யாரும் சொல்லலியா?”

“யாரும் சொல்லலீங்க.”

“அப்பறம் எப்படி அழுத?”

கண்ணாயி என்னத்தைச் சொல்வாள்? சட்டையும் செருப்பும் மட்டும் வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும். வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம், பாட்டின் மேல் பழி போடலாம். அவளுக்குப் பொய் வரவில்லை. பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமையிலிருந்து ராசப்பன் தெரிந்துகொண்டார்.

விடிந்ததும் பங்காளிகள் வந்துவிட்டார்கள். துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற அரிசியும் காயும் பாப்பாத்தி கையில் இருந்தன. வாசலுக்குள் நுழையத் தயங்கி, “அண்ணா, வரலாமா?” என்று கேட்டாள். முன்பொருமுறை காரியத்தைப் பற்றி வாயெடுத்த பங்காளியை அரிவாளோடு விரட்டியவர் அவர். கண்ணாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள். விரட்டிவிடுங்கள், இன்னொரு முறை விரட்டிவிடுங்கள் என்று மனசு கூவியது.

ராசப்பன் எழுந்தார். உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து, வந்தவர்கள் உட்கார விரித்துப் போட்டார்.