ரோஜா வைத்த பக்கம்

மேடையிலிருந்து அந்த அம்மாள் என்னைத் தேடிப் பார்த்தபோது நான் தலையாட்டினேன். அது அவருக்காகவா, எனக்காகவா? இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

1991-ல் நடந்தது. நாங்கள் அப்போதும் ஸ்ரீபெரும்புதூரில்தான் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் கல்லூரியில் மனையியல் படித்தவள். கேக் செய்யக் கற்றது அங்கேதான். மகள் பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. பிறந்தநாள், கிறிஸ்துமஸ் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் செய்துகொடுப்பேன். கல்யாண கேக் அதுவரை செய்ததில்லை.

கேட்டவர் என் கணவரோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர். கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. மணமகள் அதே தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். வாலாஜாபாத்தில் கிறிஸ்தவக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா மட்டும் வருவதாக இருந்தது. காலையில் பதிவுத் திருமணம், மாலையில் தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட ஹாலில் வரவேற்பு. போதகர் ஜெபம் செய்வார். பிறகு மணமக்கள் கேக் வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டு, பெற்றவர்களுக்கும் ஊட்டுவார்கள்.

இரண்டு அடுக்கு கேக். வாடகை அம்பாசடரில் பெரிய அடுக்கைப் பின் சீட்டில் பலகையோடு வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். சின்ன அடுக்கு என் மடியில். ஒன்றரை வயது மகள் முன் சீட்டில் அவள் அப்பா மடியில்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, கொயந்தைய அவர்கிட்ட குடுத்துட்டு கேக்க மடியில வெச்சுகினு கீறே? பெத்தது எது?"

"நீ பள்ளத்தப் பாத்து ஓட்டுப்பா," என்றார் என் கணவர். "இந்த கேக்கால ரெண்டு நாளா எனக்கு வூட்ல சோறு ஒழுங்கா கெடைக்கல."

ஒரகடம் தாண்டினால் இரண்டு பக்கமும் வயலும் ஏரியும்தான். சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது பெரிய அடுக்கின் ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

மேடையில் போட்டிருந்த மேஜை ஆடியது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். எறும்பு ஏறாமல் நான்கு கால்களையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். பெரிய அடுக்கு, அதன்மேல் நான்கு தூண், அதன்மேல் சின்ன அடுக்கு. கீறலுக்கு ஐசிங் பூசிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். மடிசார் கட்டிய ஓர் அம்மாள். மாப்பிள்ளையின் அம்மா என்று பார்த்ததும் தெரிந்தது.

"நீ பண்ணினதாம்மா? ரொம்ப அழகா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல முட்டை உண்டோ?"

"உண்டு மாமி. மேல பூசினதுலயும் வெள்ளைக்கரு இருக்கு." பரீட்சையில் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஊட்டுவானாமே. நான் முகத்தைத் திருப்பிண்டா பொண்ணாத்துக்காரா என்ன நெனைச்சுப்பா? அவன் அப்பா வேற வரலை. வாயில வாங்கிண்டா, நாளைக்குப் பெருமாள் எதிர்ல எப்படிப் போய் நிப்பேன்?" சுற்றிப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

என் மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் அவளுக்கென்று தயிரும் சோடா உப்பும் போட்டுச் செய்த சின்ன கேக் ஒன்று என் பையில் இருந்தது.

"உங்களுக்கு ஊட்டற துண்டுல முட்டை இருக்காது மாமி. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரிய அடுக்கின் முன்பக்கத்தில் முக்கோணமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் வெண்ணெய்த்தாளை மடித்துச் செருகி, மகளின் கேக்கை அளவாக நறுக்கிப் பொருத்தினேன். சமையல்காரரிடம் கொஞ்சம் பால் வாங்கி, சர்க்கரைப் பொடியைக் கெட்டியாகக் குழைத்து மேலே பூசினேன். நிறம் சற்று மங்கலாகத்தான் இருந்தது. மற்ற பக்கமெல்லாம் சுற்றிப் போட்டிருந்த சிப்பி வடிவப் பார்டரை இங்கே போட அந்தக் குழைவு நிற்கவில்லை. அடையாளமாக அந்தத் துண்டுக்கு நேர் மேலே ஒரு நிஜ ரோஜாவை வைத்தேன்.

மாப்பிள்ளையை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ரோஜா இருக்கிற பக்கத்துல மட்டும் வெட்டுங்க. அம்மாவுக்கு அதுலேருந்துதான் ஊட்டணும்."

"ஏன் அண்ணி, மத்த பக்கம் இன்னா, வெஷமா?"

"முட்டை."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேன்டீன்ல ஆம்லெட் தின்னு தின்னு எனக்கு மறந்தே போச்சு அண்ணி."

மணமகளிடமும் சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். மேஜையை விட்டு நகராமல் அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்றும். ஆனால் மகள் பசியில் அழுதாள். கணவர் பந்திக்கு ஆள் போதவில்லை என்று உதவப் போயிருந்தார். அவளைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டினேன்.

திரும்பி வந்தபோது ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மேடையில் வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சம். ரோஜா முன்பக்கம்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே என் சிப்பிப் பார்டர் விடாமல் ஓடியது. அப்படியானால் பார்டர் இல்லாத என் மகளின் துண்டு பின்னால் சுவரைப் பார்த்து இருந்தது.

கத்தி அப்போதுதான் இறங்கியது. மாப்பிள்ளை நான் சொன்னபடியே ரோஜாவுக்கு நேர் கீழே வெட்டினார். மணமகளுக்கு ஊட்டினார், அவள் அவருக்கு ஊட்டினாள். பெண்ணின் பெற்றோர் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

கூப்பிட்டு நிறுத்த எனக்கு நேரம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹால் நிறைய ஜனம். நான் கத்தினால் அந்த அம்மாள் மறைக்கச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் முதல் கல்யாண கேக்கில் குளறுபடி என்பதும் தெரிந்துவிடும். இரண்டும் என் மனதில் ஓடின. எது முதலில் ஓடியது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் வாயைத் திறக்குமுன் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் தலையாட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். மகனைப் பார்த்துச் சிரித்தார். மருமகளின் கன்னத்தைத் தொட்டார்.

வீடியோக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"அந்தப் பக்கம் மங்கலா இருந்துச்சுக்கா, பார்டரும் இல்ல. பலகையத் திருப்பிட்டு, ரோசாவ மட்டும் எடுத்து இந்தப் பக்கம் முன்னாடி வெச்சேன். வீடியோல பாரு, சோக்கா வரும்."

அவர்மேல் தப்பில்லை. அவர் வேலையை அவர் செய்தார்.

மீதி கேக்கைப் பந்திக்கு நறுக்கும்போது மகளின் துண்டு அப்படியே இருந்தது. தாளோடு எடுத்துப் பையில் போட்டேன். திரும்பும் வழியில் அவள் கேட்டாள், கொடுத்தேன்.

கணவரிடம் சொன்னபோது, "அவங்களுக்குத் தெரியாதுல்ல? தெரியாம சாப்ட்டா தப்பு இல்ல, வுடு," என்றார்.

"எனக்குத் தெரியுமே."

"உனக்கு எதுதான் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். போன வாரம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேரனுக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"மாமாவும் வரேன்னுட்டார்! குழந்தையைப் பார்த்ததும் மனசு மாறிடுத்து. அன்னிக்கு நேக்குப் பண்ணினியே, அதே கேக் பண்ணித் தா. எத்தனை மெத்துனு இருந்தது! முட்டையே இல்லாம இப்படி வரும்னு நான் ஆத்துல சொன்னா மாமா நம்ப மாட்டேங்கறார். அவரும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கட்டும்."

சரி மாமி என்றேன். 

முட்டை இல்லாமல்தான் செய்வேன், அதில் சந்தேகமில்லை. இந்த வாரம் மூன்று முறை செய்து பார்த்தேன். தயிரைக் கூட்டினேன், பால் ஊற்றினேன், கொஞ்சம் வினிகர்கூடச் சேர்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் அவர் அன்று சாப்பிட்டதுபோல் இல்லை. ஒரு வாய் வைத்ததும் அவருக்கு வித்தியாசம் தெரியும். இந்த முறை கைப்பக்குவம் தவறிவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம். அப்படிச் சொன்னால் அது நான் இரண்டாவது முறை தலையாட்டியதாகும். உண்மையைச் சொன்னால், இரண்டு வருடமாகப் பெருமாள் முன் நிம்மதியாக நின்றவரை நான் கலைத்துவிடுவேன். அவர் வீட்டுக்காரர் இப்போதுதான் மனம் மாறியிருக்கிறார், அதுவும் கெட்டுப்போகலாம்.

படிக்கிறவர்களில் இப்படி ஆசாரம் பார்க்கிற வீட்டுப் பெண்கள் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். அந்த அம்மாளின் இடத்தில் நீங்கள் இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? சொல்வதென்றால் பிறந்தநாளுக்கு முன்பா, பின்பா? தயவுசெய்து எழுதுங்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.