காலையில் ஏரி, மாலையில் கப்பல்

1936ஆம் ஆண்டு நவம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். அம்பத்தூர் ரயில் நிலையத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. பரந்தாமனை நான் முதன்முதலில் கண்டது அப்போதுதான். அம்பத்தூரில் குடியேறி, வில்லிவாக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கச் சேர்ந்து எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் தம்முடைய வாழையிலைக் கட்டுகளின்மேல் சாக்கைப் போர்த்திவிட்டுத் தாம் நனைந்துகொண்டு நின்றார். வயது ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம்.

பட்டணத்துக்குப் புறப்பட்டிருந்த ஒரு குடும்பத்தார் அவரை அணுகினர்.

"அண்ணாத்தே, இன்னிக்கு ஐகோர்ட்டு வெளக்கு மேல ஏறலாமா?"

பரந்தாமன் வானத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஏறாதே. கால்தான் வலிக்கும். மழ நின்னு ரெண்டு நாள் வெய்யில் காயட்டும். அப்பால ஏறு."

அவர்கள் மறுபேச்சின்றி வீட்டுக்குத் திரும்பினார்கள். ஓர் இலை வியாபாரி சொன்னதற்காக ஒரு குடும்பம் பயணத்தை நிறுத்தியது எனக்கு வியப்பாக இருந்தது. பின்னர் அது வியப்பாக இல்லாமற் போயிற்று. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஐகோர்ட்டுக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஒரு நடைமாடம் உண்டு. பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். பட்டணத்தில் அதைவிட உயரத்தில் மனிதர் நிற்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பரந்தாமன் கொத்தவால் சாவடியைச் சுற்றியிருந்த சாப்பாட்டுக் கிளப்புகளுக்கு இலை கொடுத்துவந்தார். ஒன்பது மணிக்குள் கட்டுகளை இறக்கிவிடுவார். மறுநாளைக்கு எத்தனை கட்டு வேண்டும் என்பதைப் பகற்சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகே கிளப்புக்காரர்கள் சொல்வார்கள். சிலர் மாலைவரை இழுத்தடிப்பார்கள். அந்த இடைவேளையில் அவர் விளக்கின்மேல் ஏறினார். பதினோராண்டுகளில் எத்தனை முறை ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. ஏன் ஏறினார் என்று ஒருமுறை கேட்டேன். "கீழ உக்காந்தா வெத்தில போடத் தோணும், வாத்தியாரே" என்றார்.

அவ்வாறு ஏறியதில் அவர் சில விதிகளைக் கண்டிருந்தார். மார்கழியில் காலைப் பனி பத்து மணிவரை கலையாது. சித்திரைக்கு மேல் வெயிற்புழுதி எல்லாவற்றையும் மறைக்கும். தை மாதமே சிறந்தது. தையிலும், மேற்கே பார்க்க விரும்புகிறவன் காலையில் ஏற வேண்டும்; சூரியன் முதுகுப்புறம் இருக்கும். கடலைப் பார்க்க விரும்புகிறவன் மாலை நான்கு மணிக்கு ஏற வேண்டும். "காலைல ஏரி, சாயங்காலம் கப்பலு. ரெண்டையும் ஒரே வேளைல கேட்டா நான் இன்னா பண்றது?" என்பார்.

ஏரி என்று அவர் சொன்னது அம்பத்தூர் ஏரியை. எங்கள் ஊரார் அத்தனை படி ஏறிப் பார்க்க விரும்பியது பட்டணத்தை அல்ல. துறைமுகம், டிராம் வண்டி, கோட்டை எல்லாம் கண்ணெதிரே விரிந்து கிடக்க, அவர்கள் மேற்குக் கம்பியில் ஒட்டிக்கொண்டு தங்கள் ஏரியைத் தேடினார்கள். கண்டதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது.

1938ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று பரந்தாமனின் ஒரே மகன் லோகநாதன் இரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை. என் தங்கை ஹில்டாவின் கணவர் பிரகாசமும் அதே கப்பலில் கணக்கர் வேலைக்குச் சென்றார். வழியனுப்புவோரை அன்று துறைமுக வாயிலுக்கு அப்பால் விடவில்லை. ஆகவே விளக்கின்மேல் நின்று கப்பல் போவதைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நாலரை மணிக்குக் கப்பல் புறப்படும். நான்கு மணிக்கு ஏறினால் போதும் என்று பரந்தாமன் சொன்னார். ஆட்களை மேலே அனுப்பும் சுற்றுகளில் அன்றைக்கு அதுவே கடைசியும்கூட.

அவர் மனைவி வேம்புலியம்மாளுக்கு யானைக்கால். தெருக்கோடி வரைகூட நடக்க இயலாது. காலையில் நாங்கள் புறப்படும்போது அவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

"கப்பலு கண்ணுக்கு மறையற வரிக்கும் நீ நின்னு பாக்கணும். பாதில எறங்கி வந்துடாதே. வந்து ஒண்ணு உடாம எங்கிட்ட சொல்லணும்."

"சொல்றேன்."

"கிளப்புக்காரன் எவனாச்சும் கூப்ட்டான்னு போய்டுவே நீ."

"போமாட்டேன், சொல்றேன்னு சொன்னேன் இல்ல?"

துறைமுக வாயிலில் லோகநாதனையும் பிரகாசத்தையும் விட்டுவிட்டு நானும் பரந்தாமனும் ஹில்டாவும் ஐகோர்ட்டுக்கு வந்தபோது நான்கு அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. வரிசையில் முன்னால் நின்றவர்கள் அனைவரும் அம்பத்தூர்க்காரர்கள். மாட்டுத் தரகர் கோதண்டம் அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்திருந்தார்.

"இன்னா மாமே, தை மாசம் நாலு மணின்னு நீதானே சொன்னே? ஊரையே இட்டுகினு வந்துட்டேன் பாரு!"

"அது கப்பல் பாக்கறவங்களுக்குப்பா. ஏரி பாக்க காலைல இல்ல வரணும்?"

"காலைல பொங்கச்சோறு துன்னுட்டு எவன் ஏறுவான்? அம்மாம் பெரிய ஏரி, சாயங்காலம் மட்டும் எங்க ஓடிப்போய்டும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பரந்தாமனும் சிரித்தார். வரிசையை எண்ணிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மற்ற நாட்களில் அந்த நேரத்தில் எட்டுப் பேர் சேர்வதே அரிது என்று அவர் வழியில் சொல்லியிருந்தார்.

ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்பது ஏற்பாடு. ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுத்து மேலே அனுப்புவார்கள். கதவு திறந்ததும் கோதண்டத்தின் கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டு படியேறிவிட்டது. சேவகர் கையில் இரண்டு வில்லைகள் மிஞ்சின.

"ரெண்டு பேர்" என்றார் அவர்.

நான் பின்வாங்கினேன். பரந்தாமனும் ஹில்டாவும் வில்லைக்குக் கை நீட்டினார்கள். சேவகர் ஹில்டாவைப் பார்த்தார். "படி இருட்டும்மா. கூட வர்ற ஆம்பள யாரு?"

ஹில்டா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது நான்காவது மாதம். பரந்தாமன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"வாத்தியாரே, தங்கச்சிய நீங்க இட்டுகினு போங்க."

"அப்ப நீங்க?"

"போங்க சொல்றேன். கப்பலு நமக்காவ நிக்குமா?"

நான் வில்லையை வாங்கிக்கொண்டேன். அவர் என் தங்கையை அழைத்துச் சென்றிருக்கலாம். அவளுக்கு அவர் அந்நியர் அல்லர். அந்த யோசனை எனக்குப் பாதிப் படி ஏறிய பிறகு தோன்றியது. அப்போதும் இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் இறங்கவில்லை. ஹில்டாவின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டே ஏறினேன்.

மேலே, பத்துப் பேரும் மேற்குப் பக்கம் நெருக்கியடித்து நின்றார்கள். சூரியன் நேர் எதிரே நின்று அவர்கள் கண்களைக் கூசவைத்தது.

"அதோ நம்ம ஏரி!"

"அது ஏதோ தகரக் கூரடா, கஸ்மாலம்."

"மாமன் காலைலன்னு அப்பவே சொன்னாரு."

கிழக்குக் கம்பி முழுவதும் காலியாக இருந்தது. அங்கே இன்னும் ஐந்தாறு பேர் தாராளமாக நிற்கலாம். பரந்தாமன் சொன்னபடியே கடல் தெளிவாக, கூச்சமின்றி, பாய் விரித்தாற்போல் கிடந்தது. கப்பல் துறைமுகத்தைவிட்டு வெளியே வந்து வடகிழக்காகத் திரும்பியது. ஹில்டா அழவில்லை. நானும் எதையும் உணர்ந்ததாக நினைவில்லை. கப்பலின் நீளம் குறைந்துகொண்டே வந்தது, அதைப் பார்த்தேன். சேவகர் மணியடித்து எல்லாரையும் இறக்கும்போது அது ஓர் ஆணியளவு இருந்தது.

கீழே பரந்தாமன் சுவரோரம் குந்தியிருந்தார். எழுந்து எங்களுடன் நடந்தார். ரயில் பேசின் பாலத்தைத் தாண்டிய பின்புதான் வாய் திறந்தார்.

"அம்மா, பொக எந்தப் பக்கம் சாஞ்சுது?"

"தெற்குப் பக்கம்" என்றாள் ஹில்டா.

"கருப்பா, வெள்ளையா?"

"மொதல்ல கருப்பு. அப்புறம் சாம்பல் மாதிரி ஆயிடுச்சு."

"திரும்பினப்போ கப்பலு சாஞ்சுதா?"

"கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருந்துது. பின்பக்கம் யாரோ வெள்ளைத் துணி ஆட்டினாங்க."

"கடசீல இன்னா தெரிஞ்சுது?"

"பொகைதான், அண்ணா. கப்பல் முழுசா மறையறதுக்குள்ள எறக்கிட்டாங்க."

அவர் உதடுகள் அசைந்தன. தெற்கே புகை, முதலில் கருப்பு, பின்பு சாம்பல், வெள்ளைத் துணி. கொரட்டூர் வரும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

அவர் வீட்டு வாசலைக் கடந்துதான் நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வேம்புலியம்மாள் கதவருகே உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். பொக தெக்கால சாஞ்சுது. மொதல்ல கருப்பு, அப்பால சாம்பலு. பின்னாடி எவனோ வெள்ளத் துணி ஆட்டினான்."

"நம்ம புள்ளயா?"

"அம்மாம் தூரத்துல ஆள் தெரியுமா? துணி தெரிஞ்சுது."

"மறையற வரிக்கும் நின்னியா?"

"நின்னேன்."

நாங்கள் நடந்துவிட்டோம்.

லோகநாதனின் கடிதங்கள் 1941 நவம்பர்வரை வந்தன. இரங்கூனில் குண்டு விழுந்த பிறகு வரவில்லை. பிரகாசம் மறு ஆண்டு மே மாதம் அஸ்ஸாம் வழியாக நடந்து வந்து சேர்ந்தார். காலில் புண், காதில் இரைச்சல். மற்றபடி உயிரோடு வந்தார். லோகநாதனை இரங்கூன் துறைமுகக் கூட்டத்தில் ஒருமுறை பார்த்ததாகச் சொன்னார். அதற்குமேல் தெரியாது என்றார். பரந்தாமன் அதைக் கேட்டுக்கொண்டு, "புண்ணுக்கு வேப்பெண்ண போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் மூன்றாண்டுகள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மகனைப்பற்றிச் சர்க்காருக்கு விசாரணைக் கடிதம் எழுதுவிக்க என்னிடம் வந்தார். பதில்கள் எல்லாம் ஒரே வாசகத்தில் வந்தன. ஒவ்வொரு தடவையும், எனக்கு நேரம் இருக்கிறதா என்று வெளியில் நின்று கேட்டார். இல்லையென்றால் மறுநாள் வந்தார். நான் முதலில் அவர் கடிதத்தை எழுதிவிட்டுப் பிறகு என் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். சில நாட்கள் அப்படிச் செய்தேன். சில நாட்கள் செய்யவில்லை.

1945 ஆகஸ்டில் பரந்தாமன் காய்ச்சலில் இறந்தார். வேம்புலியம்மாள் இன்றும் இருக்கிறாள். தன் புருஷன் கப்பலைக் கடைசிவரை பார்த்தான் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். என்னிடமும் சொன்னாள். நான் தலையசைத்தேன்.

நான் வாங்கிக்கொண்ட அந்த வில்லையைப்பற்றி, கடிதம் எழுதுவிக்க வந்த நாட்களிலும், நான் அவரை மறுநாள் வரச்சொன்ன நாட்களிலும், பரந்தாமன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.