கலங்கலை அடைத்த மார்கழி

வருடந்தோறும் வகுப்பில் நடத்திய பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துச் சொல்லி, ஒரு மனிதரின் வேலையைப் பறித்தேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. எண்பது வயதைத் தாண்டிவிட்ட எனக்கு இதை இனியும் மறைப்பதில் லாபம் ஏதும் இல்லை.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் புவியியல் ஆசிரியர். வீடு கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிய ஓர் ஏரிக்கரை ஊரில். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். ஏரிப் பாசனத்தின் கடைக்கோடியில் எனக்கு மூன்று ஏக்கர் இருந்தது. தண்ணீர் மிச்சம் இருந்தால்தான் அங்கே சம்பாவுக்குப் பிறகு நவரை என்று இரண்டாம் போக நெல் வைக்க முடியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று யாரிடமும் சொல்லவில்லை.

ஏரி நிறைந்தால் மிகுதி வெளியேறும் இடம் கலங்கல். அதன் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முழுவதும் கற்களுக்கு நடுவே இடைவெளியைத் திறந்தே வைப்பார்கள். தை பிறந்து, இனி பெருமழை இல்லை என்று ஆன பிறகு களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். ஏரி இன்னும் ஒரு முழம் ஏறி நிற்கும். இந்த வேலையையும் மதகுகளையும் பார்த்துக்கொள்பவரை எங்கள் பக்கத்தில் கம்புகட்டி என்பார்கள். அப்போது இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அதனால் அது சரியாகிவிடவில்லை.

முந்தின வருடம் வறட்சி. இந்த வருடம் கார்த்திகையிலேயே ஏரி நிறைந்து கலங்கலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தினமும் பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பேன். என் நவரை கடலுக்குப் போகிறது என்று தோன்றும்.

தாலுகா அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டுப் பழைய மழைப் பதிவேட்டை வாங்கி, முப்பது வருடக் கணக்கைக் கூட்டி மாதவாரியாகச் சராசரி எடுத்தேன். வரைதாளில் பட்டைகளாக வரைந்தேன். ஐப்பசியும் கார்த்திகையும் உயர்ந்து நின்றன. மார்கழியின் பின்பாதிக்கு வந்த பட்டை நகத்தளவுதான். ஆனால் அந்த நகத்தளவு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். பெரும்பாலான வருடங்களில் அந்த நாட்களில் மழையே இல்லை. இரண்டு மூன்று வருடங்களில் மட்டும் கொட்டித் தீர்த்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் சிறுதூறல் கிடைக்கிறது. அந்தச் சிறுதூறல் எந்த வருடமும் பெய்ததில்லை. பதிவேட்டில் அந்தப் பெரிய எண்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வரைதாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

மார்கழி பாதியில் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. தாளை விரித்தேன். பஞ்சாயத்துத் தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட, இவ்ளோதான் கீதா மார்கழி மழ? அப்ப இப்பவே அடச்சிடலாமே.”

“தை பொறக்கட்டும் சார்” என்றார் கம்புகட்டி. மண்டபத்துக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றிருந்தார்.

“ஏன், மழ உனுக்கு லெட்டரு போட்டுகினு வருதா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாளைக்கு இன்னா ஆவும்னு தெரியாததாலதான் தொறந்து வெச்சிகினு கீறேன்.”

“சாரு படிச்சவரு, முப்பது வருசத்து மழைய அளந்துகினு வந்து காட்டுறாரு. நீ மம்முட்டிய எடுத்துகினு போய் வேலையப் பாரு” என்றார் தலைவர்.

கம்புகட்டி என்னைப் பார்த்து, “நெசமாவே வராதா சார்?” என்று கேட்டார். பெரிய எண்களைச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அது. “கணக்கு தப்பாது” என்றேன். மறுநாள் அவர் கலங்கலை அடைத்தார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். காலையில் பள்ளிக்குப் போனபோது சதுரங்கப்பட்டினத்துக் கரையில் கட்டுமரங்களைத் தூக்கிப் பனைமரங்களுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்கமான மீனவர் ஒருவர், “இன்னா சாரே, இங்கயே நிக்கற? அடுத்த பஸ்ஸ புடிச்சி வூடு போய்ச் சேரு. ரோடு அறுத்துகினா நீந்தியா போவ?” என்றார். வானம் கடலோடு சேர்ந்து ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அதில் போயிருந்தால் மத்தியானத்துக்குள் ஊரைச் சேர்ந்து, அடைப்பை எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனால் மண்டபத்தில் சிரித்தவர்களின் முன்னால் என் தாள் தவறு என்று சொல்ல வேண்டும். மழை தெற்கே போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அன்று பத்தாம் வகுப்பில் நடத்தியது காலநிலை. ஆனி ஆடியில் மற்ற சீமைகள் நனையும்போது நம் கரை ஏன் காய்கிறது என்று விளக்கினேன். தென்மேற்குக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கத்திலேயே பிழிந்துவிடுகிறது. பிறகு சூரியன் தெற்கே சாய, வடக்கே நிலம் சீக்கிரம் குளிர்கிறது. கடல் வாங்கிய சூட்டை லேசில் விடுவதில்லை. காற்று திசை திரும்பி வங்கக் கடலைத் தாண்டி வரும்போது அந்த வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நமக்குக் கொடுக்கிறது. சூரியனின் சாய்வு, கடல், மலை, காற்று என்று எல்லாம் சேர்ந்து ஓர் ஊருக்கு வகுத்துக் கொடுத்த நீண்ட காலப் போக்குதான் காலநிலை. இன்று ஜன்னலுக்கு வெளியே நடப்பது வானிலை என்றேன். ஜன்னலுக்கு வெளியே மழை தொடங்கியிருந்தது. ஓடுகளின் மேல் விழுந்த சத்தத்தில் பின்பெஞ்சுக்கு என் குரல் கேட்கவில்லை.

பாதை அறுந்தது. இரண்டு நாள் பள்ளியிலேயே தங்கினேன். நடந்தும் மாட்டுவண்டியிலுமாக ஊர் வந்தபோது ஏரியின் இடத்தில் சேறு இருந்தது. கம்புகட்டி மழை தொடங்கிய அன்று மத்தியானமே கடப்பாரையோடு கலங்கலில் இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று அடைப்பை இடித்திருக்கிறார். ஊறி இறுகிப்போன களிமண். மூன்று இடைவெளிகளைத் திறப்பதற்குள் கரை வேறிடத்தில் உடைந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அறுப்புக்கு நின்ற சம்பா முழுவதும் மணலுக்கு அடியில் போயிற்று. கரைக்குக் கீழே இருந்த வீடுகளில் பதினொன்று விழுந்தன. அதில் ஒன்று அவருடையது.

மறுபடி அதே மண்டபம். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

“கலங்கலுக்கு ஆரு பொறுப்பு?” என்றார் தலைவர்.

“நான்தாங்க. ஆனா ஊரு சொல்லிச்சி, அடச்சேன். சாரு கணக்கு காமிச்சாரு.”

தலைவர் என்னைப் பார்த்தார். “இன்னா சார் இது? உம்மேல சொல்றான்.”

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் நெல் போயிருந்தது. அவர்களுடைய முகங்களைப் பார்த்துப் பயந்தேன். “நான் சொன்னது காலநிலை. முப்பது வருடப் போக்கு. அன்றன்றைய வானிலையைப் பார்த்துத் திறப்பதும் மூடுவதும் இவன் வேலை” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஊருக்கு அது வசதியாக இருந்தது. அடைக்கச் சொன்ன அத்தனை பேரும் என் வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவருடைய அப்பா, தாத்தா காலத்திலிருந்து வந்த வேலையை அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கம்புகட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். வீடும் இல்லை, வேலையும் இல்லை. மாசிக்குள் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து, கல்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அவரைப் பார்த்தேன். கட்டட வேலைக்குப் போய்த் திரும்பும் கூட்டத்தில் தலையெல்லாம் சிமெண்ட் தூசியாக வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார்.

“நல்லா கீறியா சார்? ஏரி ரொம்பிச்சா இந்த வருசம்?”

“நிறைந்தது” என்றேன்.

“கரைய நல்லா கட்னாங்களா? தெக்கால கொஞ்சம் எளசா இருக்கும், பாத்துக்க சொல்லு.”

“சொல்கிறேன்” என்றேன்.

அவர் போகவில்லை. பக்கத்திலேயே சற்று நேரம் நின்றார். அந்த மண்டபத்துப் பேச்சை நான் எடுப்பேன் என்று எதிர்பார்த்தாரா, இல்லை வேலை முடிந்த களைப்பில் சும்மா நின்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டேன். தெற்குக் கரையைப் பற்றி ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால், யார் சொன்னது என்று கேட்பார்கள்.