கரடி ஏன் கட்டையை அமுக்கிச்சு

எங்க மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சோபா ரிப்பேர் பண்றவர். ஆள் கதவு உயரம், பீரோ அகலம். எங்கயும் சும்மா உக்கார மாட்டார். முதல்ல உள்ளங்கையை வச்சு ஒரு அமுக்கு. கொஞ்சம் தள்ளி இன்னொரு அமுக்கு. தலையைச் சாய்ச்சு ஸ்பிரிங் என்ன சொல்லுதுன்னு கேட்பார். அப்புறம்தான் உடம்பை இறக்குவார். சோபாவுக்கு மட்டும் இல்ல, பஸ் சீட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சு, எல்லாத்துக்கும் இதே மரியாதைதான். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்பவே நாற்காலியை அமுக்கிப் பாத்துட்டு, "கால் ஒண்ணு ஆடுதே"ன்னார். எங்க அப்பாகிட்ட மாப்பிள்ளை பேசின முதல் வார்த்தை அதுதான்.

அவங்க பொண்ணை நாங்க வாண்டுன்னு கூப்பிடுவோம். அவளுக்கு ஒரு பழைய கார்ட்டூன் படம்னா உயிர். காட்டுல தனியா மாட்டிக்கிட்ட பொண்ணை ஒரு கரடி வீட்டுல கொண்டு வந்து சேர்க்கும். அந்தக் கரடியோட புருவம் மட்டும் தனியா டான்ஸ் ஆடும். மாமா கடையில பஞ்சு மூட்டை மேல படுத்துக்கிட்டு, கிழிஞ்ச சோபாக்குள்ள இருந்து அவர் எடுத்துப் போடுற சீப்பு, பேனா மூடி, ஒத்தைக் கம்மல் நடுவுல வாண்டு அதையே திரும்பத் திரும்பப் பாப்பா.

அந்தப் படத்தைத்தான் நிஜ ஆளுங்களை வச்சு, நிஜக் காடு மாதிரியே திரும்ப எடுக்க ஆரம்பிச்சாங்க. எனக்குக் குரல் மாத்திப் பேசுறதுதான் பொழப்பு. கரடிக்கு ஒரு பெரிய நடிகர் கடைசியில பேசுவாராம். அதுவரைக்கும் ஷூட்டிங்ல மைக் பிடிச்சுக் கரடி வசனம் படிக்க என்னைக் கூப்பிட்டாங்க. அப்படியே, "நல்ல பெரிய உடம்பா ஒரு ஆள் கிடைப்பாரா?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல ஒரு பீரோ இருக்குன்னு சொல்லிட்டேன்.

"என்ன வேலைடி?"ன்னார் மாமா.

"கரடி நிக்க வேண்டிய இடத்துல நீங்க நிக்கணும் மாமா."

"கரடி எங்க போச்சு?"

"அது அப்புறமா கம்ப்யூட்டர்ல வரும். வந்ததும் உங்களை அழிச்சிடுவாங்க."

"அழிக்கிறதுன்னா?"

"துடைச்சு எடுத்துடுவாங்க. ஒரு முடி தெரியாது."

தலையைத் தடவிப் பாத்துக்கிட்டார். "அது இப்பவே தெரியாதே."

வாண்டு காதுல இதுல பாதிதான் விழுந்துச்சு. அப்பாதான் கரடி. மறுநாள் அவ கிளாஸ் பூரா சொல்லிட்டா. படம் வந்ததும் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்னு டீச்சர் வேற வாக்குக் கொடுத்துட்டாங்க.

"குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க"ன்னா அக்கா.

"சொல்றேன்."

"எப்ப?"

"சாப்பிட்டு."

சாப்பிட்டார். சொல்லல.

ஷூட்டிங் ஒரு பெரிய கொட்டகையில. மாமாவுக்குக் கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் ஒட்டின மாதிரி நீல உடுப்பு. தலையில தொப்பி, தொப்பி மேல கம்பி, கம்பி நுனியில ரெண்டு பந்து. அதுதான் கரடியோட கண்ணு. நடிக்கிற பொண்ணு மாமா மூஞ்சியைப் பாக்கக் கூடாது, பந்தைத்தான் பாக்கணும். அவளும் வாண்டு வயசுதான். நான் திரைக்குப் பின்னாடி உக்காந்து, தொண்டையை அடி வயித்துக்கு இறக்கிக் கரடியாப் பேசுவேன். உடம்பு மாமா, குரல் நான். படத்துல ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்.

அன்னிக்கு முக்கியமான சீன். "வீட்டுக்குப் போகணும்"னு பொண்ணு அழுதுட்டு இருப்பா, கரடி வந்து பக்கத்துல விழுந்து கிடக்கிற மரக்கட்டையில உக்காரும். கட்டையும் சருகும் மட்டும் நிஜம். பொண்ணுக்கு அழுகை நல்லா வந்துடுச்சு. மாமா நடந்து வந்தார். கட்டையில உள்ளங்கையை வச்சார். ஒரு அமுக்கு. தள்ளி இன்னொரு அமுக்கு. கட்டை லேசா உருண்டுச்சு, மேல கிடந்த சருகெல்லாம் சரிஞ்சுச்சு. தலையைச் சாய்ச்சுக் கேட்டார். பாத்துட்டே இருந்த அந்தப் பொண்ணு, கட்டையில தன் பக்கமா சின்னக் கையை வச்சு அவளும் ஒரு தடவை அமுக்கினா. அப்புறம் அவர் உக்காந்ததும் மேல சாஞ்சு அழுதா பாருங்க, லைட்டு பிடிக்கிறவங்க கூட மூக்கை உறிஞ்சினாங்க.

"கட்"னார் டைரக்டர். அவருக்கு எப்பவும் ஜலதோஷம் பிடிச்ச குரல். "ஏங்க, கரடி சோபா வாங்க வந்திருக்கா?"

கொட்டகையே சிரிச்சுது. மாமா காதெல்லாம் சிவந்து போச்சு. "பழக்கம் சார்."

"அமுக்காம உக்காருங்க. இன்னொரு தடவை போலாம்."

அடுத்த தடவை மாமா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு உக்காந்தார், போலீஸ் பிடிச்சுட்டு வந்த கரடி மாதிரி. பொண்ணுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எத்தனை தடவை எடுத்தும் அந்த அழுகை திரும்ப வரவே இல்ல. "சரி, பாத்துக்கலாம்"னு டைரக்டர் எழுந்து போயிட்டார்.

வர்ற வழியில, "நான் கெடுத்துட்டேன்ல?"ன்னார் மாமா. நான் டைரக்டர் குரல்ல, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். அவர் சிரிக்கல.

படம் வர்ற வாரம் சுவரெல்லாம் போஸ்டர். நிஜக் கரடி மாதிரி ஒவ்வொரு முடியும் தெரியுது. புருவம் மட்டும் இல்ல.

"இது கோவமா இருக்கா, சிரிக்குதா?"ன்னா வாண்டு.

"உங்க அப்பா மாதிரிதான். கண்டுபிடிக்கவே முடியாது"ன்னா அக்கா.

"அப்பா உள்ள இருக்காரா?"

அக்கா மாமாவைப் பாத்தா. இனிமே தப்பிக்க முடியாது. "நான் தெரிய மாட்டேன் கண்ணு. என்னைத் துடைச்சிருப்பாங்க"ன்னார்.

"மொத்தமாவா?"

"மொத்தமா."

அவ போஸ்டரைத் தொட்டுப் பாத்தா. "அப்ப நான் கிளாஸ்ல சொன்னது பொய்யா?"

மாமா போஸ்டரோட பிஞ்ச ஓரத்தை அமுக்கி ஒட்டினார்.

தியேட்டர்ல முன் வரிசை பூரா அவ கிளாஸ். நாங்க பெரியவங்க கடைசி வரிசை. வாண்டு என்னை மட்டும் இழுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. அவளுக்கு அந்தப் பக்கம் முன்பல் விழுந்த ஒரு பையன். படம் ஆரம்பிச்சதுல இருந்து, "எங்க உங்க அப்பா? இன்னும் வரலையா?"ன்னு காத்து விட்டுக் காத்து விட்டுக் கேட்டுட்டே இருந்தான். அவ குனிஞ்சு தன் செருப்பைப் பாத்துட்டு இருந்தா.

அந்த சீன் வந்துச்சு. பொண்ணு அழறா. கரடி மெதுவா நடந்து வருது. கட்டையில உள்ளங்கையை வச்சு ஒரு அமுக்கு. தள்ளி இன்னொரு அமுக்கு. தலையைச் சாய்ச்சுக் கேக்குது.

எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அந்த அழுகை அந்த ஒரு தடவைதான் வந்துச்சு, அதனால அதையே வச்சுட்டாங்க. மாமாவைத் துடைக்கலாம். உருண்ட கட்டையையும் சரிஞ்ச சருகையும் அவரைப் பாத்து அமுக்கின அந்தச் சின்னக் கையையும் என்ன பண்றது? கரடி அமுக்கலைன்னா கட்டை பேய் பிடிச்ச மாதிரி தானா உருளும். வேற வழியில்லாம கரடிக்கு சோபா வேலை கத்துக் கொடுத்துட்டாங்க.

வாண்டு எழுந்து நின்னா. கத்தல. சாப்பிடக் கூப்பிடுற மாதிரி சாதாரணமா, "அப்பா"ன்னா.

"அது கரடி"ன்னான் பல்லு இல்லாதவன்.

"அப்பாதான். பேசாம பாரு."

படம் முடிஞ்சு வெளிய வந்தா, மாமா கண்ணைத் துடைச்சுட்டு நிக்கிறார். "பஞ்சு தூசி"ன்னார்.

"தியேட்டர்ல ஏதுங்க பஞ்சு?"ன்னா அக்கா.

அவர் சுவரோரமா இருந்த நீள பெஞ்சுக்குப் போனார். பிள்ளைங்க எல்லாம் பாத்துட்டு நிக்குதுன்னு அவருக்குத் தெரியாது. உள்ளங்கையை வச்சார். ஒரு அமுக்கு. தள்ளி இன்னொரு அமுக்கு. தலையைச் சாய்ச்சார்.

அத்தனை வாலும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிச்சு. பல்லு இல்லாதவன் மட்டும் கிட்டப் போனான். "அங்கிள், நீங்கதான் கரடியா?"

மாமா வாண்டைப் பாத்தார். அவ கையைக் கட்டிக்கிட்டு, நீங்களே சொல்லுங்கங்கிற மாதிரி நின்னா.

"கொஞ்சம்"னார்.

பையன் தன் கையையும் பெஞ்சுல வச்சு அமுக்கிப் பாத்தான். "இது நல்ல பெஞ்சா?"

"வெறும் பலகைதான். இருந்தாலும் கேட்டுட்டுதான் உக்காரணும்."

ஒவ்வொண்ணா வந்து அமுக்கிட்டு உக்காந்துச்சுங்க. வாண்டு மட்டும் அமுக்காம நேரா அவர் மடியில ஏறிக்கிட்டா. கடைசியா டீச்சர் வந்தாங்க. யாராவது பாக்கிறாங்களான்னு சுத்தி ஒரு பார்வை. அப்புறம் மெதுவா அமுக்கிட்டு உக்காந்தாங்க.